பீகிள் நீரிணை, 1978: போரைத் தடுத்தது சமயமா, தன்னலமா?

தென்கடல் எழுதியது:

நாடுகளுக்கு இடையிலான பூசல்களில் தன்னலம் மட்டுமே முடிவு செய்கிறது, அறமும் சமயமும் பிற்பாடு பூசப்படும் சாயம் என்ற கருத்தை இங்கு நடந்த பல விவாதங்களில் காண்கிறேன். அந்தக் கருத்தைச் சோதித்துப் பார்க்க, 1978-இல் அர்ஜென்டினாவும் சிலியும் போர் தொடங்கும் நிலைவரை சென்று திரும்பிய வரலாற்றை எடுத்துக்கொள்ள விரும்புகிறேன்.

தென் அமெரிக்காவின் தென்கோடியில், பீகிள் நீரிணையின் கிழக்கு வாயிலில் பிக்டன், நுவேவா, லெனாக்ஸ் என்று மூன்று சிறு தீவுகள் உள்ளன. ஆடு வளர்க்கும் ஒரு சிலரைத் தவிர அங்கே எவரும் குடியிருக்கவில்லை. 1881-ஆம் ஆண்டின் எல்லை ஒப்பந்தத்தை இரு நாடுகளும் தத்தமக்கு ஏற்றபடி படித்ததால், தீவுகள் யாருக்கு உரியவை என்பது தீராமலே இருந்தது. 1971-இல் பிரிட்டிஷ் அரசியின் பெயரால் வழங்கப்படும் நடுவர் தீர்ப்புக்கு இருவரும் ஒப்புக்கொண்டனர். பன்னாட்டு நீதிமன்றத்தைச் சேர்ந்த ஐந்து நீதிபதிகள் விசாரித்து அளித்த முடிவு 1977 மே மாதம் வெளியானது. மூன்று தீவுகளும் சிலிக்கே என்றது. 1978 ஜனவரி 25 அன்று அர்ஜென்டினாவின் இராணுவ ஆட்சிக்குழு அந்தத் தீர்ப்பு செல்லாது என்று அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பர் 22 அன்று அர்ஜென்டினக் கப்பல்கள் தீவுகளைக் கைப்பற்றும் ஆணையோடு தெற்கே சென்றுகொண்டிருந்தன. கொந்தளிப்பான கடல் அவற்றைச் சற்றே தாமதப்படுத்தியது. பதவியேற்று இரண்டு மாதங்களே ஆகியிருந்த போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால், தம்முடைய தூதர் ஒருவரை அனுப்புவதாக இரு தலைநகரங்களுக்கும் அன்றே தெரிவித்தார். ஆட்சிக்குழு ஏற்றது, கப்பல்கள் திருப்பி அழைக்கப்பட்டன. 73 வயதான கர்தினால் அந்தோனியோ சமோரே கிறிஸ்துமஸ் கழிந்த கையோடு புவெனஸ் ஐரிசுக்கும் சாந்தியாகோவுக்கும் மாறி மாறிப் பறந்து, 1979 ஜனவரி 8 அன்று மொன்டேவீடியோ நகரில் இரு நாட்டு வெளியுறவு அமைச்சர்களையும் கையொப்பமிட வைத்தார்.

என் கருத்து இது: அந்தத் தளபதிகள் சமயத்தால் மனம் திருந்தினார்கள் என்று நான் நம்பவில்லை. ஆனால், தோற்றுப்போனதாகத் தோன்றாமல் பின்வாங்குவதற்கு அவர்களுக்கு ஒரு வழி தேவைப்பட்டது; அந்த வழியைத் திறந்துவிடும் தகுதி அன்று வத்திக்கானைத் தவிர வேறு எவருக்கும் இல்லை. உங்கள் கருத்துகளை எழுதுங்கள்.

கரிசல் எழுதியது:

தென்கடல் அவர்கள் எழுதிய நிகழ்ச்சிகளில் எனக்கு மறுப்பு இல்லை. அவற்றிலிருந்து அவர் எடுக்கும் முடிவில்தான் மறுப்பு. டிசம்பர் 22-க்குப் பத்து நாள் முன்பு நடந்ததை அவர் விட்டுவிட்டார். டிசம்பர் 12 அன்று சிலி வெளியுறவு அமைச்சர் எர்னான் கூபியோசும் அர்ஜென்டின அமைச்சர் கார்லோஸ் பாஸ்தோரும் புவெனஸ் ஐரிசில் சந்தித்து, போப்பாண்டவரையே மத்தியஸ்தராக அழைப்பது என்று பேசி முடித்தார்கள். அன்றைக்கே ஆட்சிக்குழு அதைத் தள்ளிவிட்டது. அதே போப்பாண்டவர், அதே கத்தோலிக்கத் தளபதிகள். டிசம்பர் 12 அன்று எடுபடாத சமயம் 22 அன்று எடுபட்டது என்றால், இடையில் மாறியது சமயம் அல்ல, கணக்கு.

அந்தக் கணக்கையும் பார்ப்போம். சிலி பணிந்துவிடும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. அதன் கடற்படையும் தீவுகளை நோக்கிப் புறப்பட்டிருந்தது, எல்லை நெடுகக் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டிருந்தன. அமெரிக்க அதிபர் கார்ட்டருடைய அரசாங்கத்தின் தூதரகங்கள் இரண்டு தலைநகரங்களிலும் ஓயாமல் அழுத்தம் கொடுத்தன. மனித உரிமை மீறல்களைக் காரணம் காட்டி அமெரிக்க நாடாளுமன்றம் சிலிக்கு 1976-இலும் அர்ஜென்டினாவுக்கு 1978-இலும் ஆயுத விற்பனையைத் தடுத்திருந்ததால், நீண்ட போருக்குத் தேவையான தளவாடம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி இருவருக்கும் இருந்தது. சிலியின் அச்சம் இன்னும் பெரிது. பொலிவியா அவ்வாண்டு மார்ச் மாதத்தில் உறவை முறித்துக்கொண்டிருந்தது. பெருவுடன் 1879-இல் தொடங்கிய பழைய போரின் நூறாவது ஆண்டு நெருங்கிக்கொண்டிருந்தது. மூன்று பக்கமும் அடி விழும் நிலையில் சிலியின் இராணுவ ஆட்சியாளர் பினோசே எந்த மத்தியஸ்தரையும் வரவேற்றிருப்பார். வத்திக்கான் அழைத்ததால் நின்றார்கள் என்பதைக் காட்டிலும், நிற்க விரும்பியவர்களுக்கு வத்திக்கான் ஒரு சாக்காகக் கிடைத்தது என்பதே பொருந்தும்.

செங்காந்தள் எழுதியது:

இரண்டு பதிவுகளிலும் ஒரு சொல் இல்லாததைக் கண்டு எழுதுகிறேன். இந்தச் சமரசத்தில் அறம் எங்கே இருந்தது?

கர்தினால் கைகுலுக்கிய ஆட்சிக்குழு, அதே மாதங்களில் தன் மக்களைக் கடத்திச் சென்று கொன்றுகொண்டிருந்தது. மக்களாட்சி திரும்பிய பிறகு அமைக்கப்பட்ட ஆணையம் 1984-இல் பெயரோடு பதிவு செய்த காணாமற்போனோர் எண்ணிக்கையே 8,960. மனித உரிமை அமைப்புகள் 30,000 என்கின்றன. அர்ஜென்டின ஆயர்களில் பெரும்பாலோர் வாய் திறக்கவில்லை. வாய் திறந்த ஆயர் என்ரிக்கே ஆஞ்செலெல்லி 1976 ஆகஸ்டில் சாலை விபத்து என்று சோடிக்கப்பட்ட கொலையில் இறந்தார். போரைத் தடுக்கப் பாடுபட்டவர் என்று பாராட்டப்படும் வத்திக்கான் தூதர் பியோ லாகி, கடற்படைத் தளபதி மசேராவுடன் டென்னிஸ் ஆடி வந்தவர். அந்த மசேராவின் கடற்படை இயந்திரவியல் பள்ளியில்தான் ஆயிரக்கணக்கானோர் அடைத்து வைக்கப்பட்டனர். அந்திஸ் மலைக்கு மறுபக்கம், சிலியின் சாந்தியாகோவில் கர்தினால் ராவுல் சில்வா என்ரீக்கெஸ் 1976-லேயே ஓர் அலுவலகம் திறந்து, கைதானோரின் குடும்பங்களுக்கு வழக்கறிஞர்களை ஏற்படுத்திக் கொடுத்தார். ஒரே திருச்சபை, ஒரே காலம். ஆகவே சமயம் என்று மொத்தமாகப் பேசுவதை விட்டு, எந்த ஆயர், எந்த அறையில், யாருக்காகப் பேசினார் என்று கேட்க வேண்டும்.

போர் மூண்டிருந்தால் இரு பக்கமும் கட்டாயப் படைச்சேவையில் இருந்த இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்திருப்பார்கள் என்பதை நான் மறக்கவில்லை. அவர்கள் பிழைத்தது பெரிய நன்மை. அந்த நன்மைக்குக் கொடுத்த விலையில், கொலைகாரர்கள் உலகின் முன் மதிப்புக்குரிய பேச்சுவார்த்தையாளர்களாக உட்கார முடிந்ததும் சேரும்.

நடுவாசல் எழுதியது:

நான் சட்டம் படித்தவன் என்பதால் இந்த வழக்கில் என்னை மிகவும் ஈர்த்த இடத்தைச் சொல்கிறேன். அரசியின் பெயரால் வந்த தீர்ப்பு மூன்று தீவுகளையும் சிலிக்குக் கொடுத்தது. 1980 டிசம்பர் 12 அன்று போப்பாண்டவர் முன்வைத்த திட்டமும் மூன்று தீவுகளையும் சிலிக்கே கொடுத்தது. முதலாவதை அர்ஜென்டினா கிழித்தெறிந்தது. இரண்டாவதை மறுக்க முடியாமல் நான்கு ஆண்டுகள் கையில் வைத்துக்கொண்டு தவித்து, இறுதியில் அதன் அடிப்படையில் கையொப்பமிட்டது. நிலத்தில் ஒரு பிடி மண்ணும் வேறுபடவில்லை என்னும்போது, வேறுபட்டது எது?

முதல் வேறுபாடு நடைமுறையில் உள்ளது. நடுவர் தீர்ப்பு வாதங்களைக் கேட்டு, ஆவணங்களைப் படித்து, ஒருவருக்கு உரிமை உண்டு, மற்றவருக்கு இல்லை என்று முடித்துவிடும். அது கட்டுப்படுத்தும்; அதனாலேயே தோற்றவர் அதை மறுப்பது ஒரு நாட்டுப்பற்றுச் செயலாகிவிடுகிறது. அதிலும் தீர்ப்பை வெளியிட்டது பிரிட்டன். மால்வினாஸ் (ஃபாக்லாந்து) தீவுகளைத் தங்களிடமிருந்து பறித்துக்கொண்ட நாடு என்று அர்ஜென்டினர்கள் பள்ளிக்கூடத்திலேயே படித்து வளர்ந்த அதே பிரிட்டன். மத்தியஸ்தர் தருவது வெறும் யோசனை. அதை ஏற்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை; ஆகவே அதை எதிர்த்துக் கொடி பிடிக்கவும் இடமில்லை. நாட்டில் பெரும்பான்மையினர் கத்தோலிக்கர். கம்யூனிசத்திலிருந்து கிறிஸ்தவ நாகரிகத்தைக் காக்கவே ஆள்கிறோம் என்று சொல்லிக்கொண்ட தளபதிகள், அந்தச் சமயத்தின் தலைவரை எந்த வாயால் எதிர்ப்பார்கள்? கரிசல் அவர்கள் சாக்கு என்று சொல்வது இந்த இடத்தில் அவர்களுக்கே விலங்காக மாறியது. தம் ஆட்சியை நியாயப்படுத்த அவர்கள் சமயத்தைக் கையிலெடுத்திருந்தார்கள். அதே சமயம் கேட்டபோது மறுத்தால் அந்த நியாயமே போய்விடும்.

இரண்டாம் வேறுபாடு பொருளில் உள்ளது. அர்ஜென்டினா உண்மையில் அஞ்சியது தீவுகளை இழப்பதற்கு அல்ல. கரையிலிருந்து 200 கடல் மைல் வரை பொருளாதார உரிமை என்ற கோட்பாடு அந்த ஆண்டுகளில் உலகெங்கும் உறுதிப்பட்டுக்கொண்டிருந்தது. தீவுகள் சிலியிடம் போனால், அவற்றைச் சுற்றிய கடலும் போகும். அட்லாண்டிக் பெருங்கடலில் சிலி காலூன்றும். அண்டார்டிகாவில் இருவரும் கோரும் பகுதியிலும் அதன் நிழல் விழும். தீர்ப்பு எழுதிய நீதிபதிகள் தீவுகளுக்கு அப்பால் விரிந்த கடலைப் பற்றித் தீர்மானிக்க வேண்டிய கட்டாயம் இல்லாதவர்கள். சமோரேயின் குழு கடலையே எடுத்துக்கொண்டது. தீவுகள் சிலிக்கு, அவற்றை ஒட்டி ஒரு குறுகிய கடற்பட்டை மட்டும் சிலிக்கு, அதற்கு வெளியே இருவரும் பகிர்ந்துகொள்ளும் 'அமைதிக் கடல்' என்பது 1980-இன் திட்டம். 1984-இன் இறுதி ஒப்பந்தத்தில் பகிர்வு என்ற யோசனையும் கைவிடப்பட்டு, வெளிக்கடலின் பெரும்பகுதி நேரடியாக அர்ஜென்டினாவுக்கே வந்தது. அதாவது, சமயத்தின் பெயரால் கூடிய மேசையில், இரு தரப்பின் தன்னலத்தையும் ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்து எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். தென்கடல், கரிசல் இருவரும் எதிரெதிராக நிறுத்தும் இரண்டும் அந்த மேசையில் ஒன்றுக்கொன்று துணையாகவே இருந்தன.

தென்கடல் எழுதியது:

நடுவாசல் அவர்களின் பதிவுக்கு நன்றி. கரிசல் அவர்களுக்கு என் மறுமொழி: டிசம்பர் 12 அன்று மறுத்தவர்கள் 22 அன்று ஏற்றதற்குக் கணக்கு மாறியதே காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால், நிறுத்துவது ஒரு நாள் வேலை. நிறுத்தியதை ஆறு ஆண்டுகள் காத்தது எது?

மொன்டேவீடியோவில் கையொப்பமானதைப் படித்துப் பாருங்கள். தீவுகள் யாருக்கு என்பதைப் பற்றி அதில் எதுவும் இல்லை. மத்தியஸ்தத்தை வேண்டுகிறோம், படைபலத்தைப் பயன்படுத்த மாட்டோம், படைகளைப் படிப்படியாக 1977 தொடக்கத்தில் இருந்த நிலைக்குக் கொண்டுசெல்வோம் என்பவை மட்டுமே உண்டு. அதன்பின் ரோமில் சமோரே இரு குழுக்களையும் பெரும்பாலும் தனித்தனியே அழைத்துப் பேசினார். முதலில் எளிதில் ஒத்துவரும் சிறு விஷயங்களைத் தேடினார். 1980-இன் திட்டத்தைச் சிலி அடுத்த மாதமே ஏற்றது, அர்ஜென்டினா இழுத்தடித்தது. 1981 ஏப்ரலில் தரைப்படைத் தலைவர் கால்தியேரி தன்னிச்சையாகச் சிலி எல்லையையே மூடினார். ஒற்றர்கள் என்று சொல்லி இரு பக்கமும் ஆட்களைப் பிடித்து வைத்தனர். ஒவ்வொரு முறையும் புகார் ரோமுக்குப் போனது, ரோம் கடிதம் எழுதியது, ஆட்கள் விடுவிக்கப்பட்டனர். சமோரே 1983 பிப்ரவரியில் காலமானார்; முடிவைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. கர்தினால் கசரோலியின் பொறுப்பில் பணி தொடர்ந்தது. நான்கு ஆண்டுக்கு ஒரு முறை அதிபர் மாறும் எந்த அரசாங்கம் இத்தனை ஆண்டுகள் இரண்டு சர்வாதிகாரங்களின் புகார்களைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்? தேர்தலோ வாணிபமோ இல்லாத ஒரு நிறுவனத்தின் பொறுமை அது. சமயம் இங்கே கொடுத்த பெரிய கொடை காலம் என்றே நினைக்கிறேன்.

கரிசல் எழுதியது:

அந்த ஆறு ஆண்டுகளுக்குள்தான் 1982 வருகிறது. ஏப்ரல் 2 அன்று கால்தியேரி மால்வினாஸ் தீவுகளில் படையை இறக்கினார். ரோம் கடிதம் எழுதிக்கொண்டிருந்த அதே ஆட்சிக்குழு. போப்பாண்டவர் மே மாத இறுதியில் பிரிட்டனுக்கும், ஜூன் 11 அன்று அர்ஜென்டினாவுக்கும் நேரில் சென்று அமைதிக்காக வேண்டினார். மூன்றாம் நாள் அர்ஜென்டினப் படை சரணடைந்ததால்தான் போர் முடிந்தது. அர்ஜென்டினர் 649 பேர், பிரிட்டிஷார் 255 பேர், தீவுவாசிகள் மூவர் இறந்த பிறகு. சமயத்துக்குத் தளபதிகளைக் கட்டும் வலிமை உண்டு என்று நடுவாசல் எழுதினார். அந்த விலங்கு நான்கே ஆண்டில் எங்கே போனது?

இன்னொன்றையும் சேர்க்கிறேன். சிலி தாக்கக்கூடும் என்ற அச்சத்தால் குளிருக்கும் மலைக்கும் பழக்கப்பட்ட தன் படைப்பிரிவுகளை அர்ஜென்டினா எல்லையிலேயே நிறுத்தி வைத்தது. வெப்பப் பகுதியிலிருந்து வந்த, பயிற்சி முடியாத இளைஞர்கள் பலர் அந்தக் குளிர்த்தீவுகளின் பதுங்குகுழிகளில் நின்றார்கள். சிலியோ பிரிட்டனுக்கு உளவுத் தகவல் கொடுத்து உதவியது. மொன்டேவீடியோவில் கையெழுத்திட்ட இரு சகோதரக் கத்தோலிக்க நாடுகளின் நம்பிக்கை அவ்வளவுதான். பீகிள் பூசல் தீர்ந்ததற்குக் காரணம் அந்தத் தோல்வி. தோற்ற இராணுவம் ஆட்சியை விட்டுப் போனது, 1983 டிசம்பரில் மக்கள் தேர்ந்தெடுத்த அதிபராக அல்போன்சின் வந்தார், அடுத்த மாதமே ரோமில் அமைதிப் பிரகடனம் கையொப்பமானது. வத்திக்கானின் திட்டத்துக்கு வழி திறந்தது பிரிட்டிஷ் கடற்படை என்று சொன்னால் கசப்பாக இருக்கும், ஆனாலும் உண்மை.

பொதிகைச்சாரல் எழுதியது:

இரு தரப்பும் கத்தோலிக்கராக இருந்ததால் மட்டுமே இது நடந்தது என்றால், வேறு சமயத்தார், சமயமே வேண்டாம் என்பவர் மோதும் இடங்களுக்கு இதனால் என்ன பயன் என்று கேட்க விரும்புகிறேன். மொசாம்பிக் நினைவுக்கு வருகிறது. அங்கே ஃப்ரெலிமோ அரசு மார்க்சிய அரசு. விடுதலைக்குப் பின் திருச்சபையின் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் நாட்டுடைமை ஆக்கியது. ரெனாமோ கிளர்ச்சிப் படைக்கு முதலில் ரொடீசியாவும் (இன்றைய ஜிம்பாப்வே) பிறகு தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசும் தீனி போட்டன. இருந்தும் 1990 ஜூலையில் ரோமின் திராஸ்தேவெரே பகுதியில், சாந்த் எஜீதியோ என்ற, குருக்கள் அல்லாத கத்தோலிக்கப் பொதுநிலையினர் அமைப்பு குடியிருந்த பழைய கன்னிமடத்தில் இருவரும் உட்கார்ந்தார்கள். 1992 அக்டோபர் 4 அன்று ஒப்பந்தம் ஆயிற்று. அந்த அமைப்புக்கு இராணுவமும் இல்லை, அங்கே அச்சப்பட ஒரு போப்பாண்டவரும் மேசையில் இல்லை.

தென்கடல் எழுதியது:

நல்ல கேள்வி, பொதிகைச்சாரல். மொசாம்பிக்கில் ஒரே நம்பிக்கை என்ற பிடி இல்லாததால் வேறொன்று தேவைப்பட்டது: தங்களிடமிருந்து எதையும் எதிர்பார்க்காதவர் என்ற நம்பிக்கை. சாந்த் எஜீதியோ அதற்கு முன்பே பல ஆண்டுகளாக உணவும் மருந்தும் அனுப்பி வந்தது; பெய்ரா நகரின் பேராயர் ஜைமே கொன்சால்வெஸ் ரெனாமோ தலைவர் த்லாகாமாவின் மொழியைப் பேசுபவர். ஆனால், கரிசல் அவர்களின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். பனிப்போர் முடிந்து இரு தரப்புக்கும் வெளிப்பணம் வற்றியிருந்தது. 1992-இன் கடும் வறட்சியில் படையினருக்கே சோறில்லை. ரெனாமோ கட்சியாக மாறுவதற்கென்றே ஐக்கிய நாடுகள் அவை ஒரு நிதியம் ஏற்படுத்தி, இத்தாலி முதலிய நாடுகளின் பணத்தைக் கொடுத்தது. அதை இலஞ்சம் என்று சிலர் குறை கூறினார்கள். துப்பாக்கியைக் கீழே வைப்பவனுக்கு மறுநாள் பிழைப்பு வேண்டும். அந்தத் தன்னலத்தை மதித்ததைக் குறையாக நான் எண்ண மாட்டேன்.

மால்வினாஸ் பற்றி: கரிசல் அவர்கள் சொன்னது சரியே. சமயத்தின் பிடி இரு பக்கமும் இருக்க வேண்டும்; பிரிட்டிஷ் பிரதமர் தாட்சரின் அரசாங்கத்தின்மீது ரோமுக்கு எந்தப் பிடியும் இல்லை. ஆனால், அந்தத் தோல்விக்குப் பிறகு அல்போன்சின் கையில் எடுத்தது ஏற்கெனவே எழுதப்பட்டு மேசையில் கிடந்த ஒரு திட்டம். அது இல்லாவிட்டால் புதிய அரசு எதிலிருந்து தொடங்கியிருக்கும்?

செங்காந்தள் எழுதியது:

நான் தேடிய அறத்தை 1984-இல்தான் கண்டேன். ஒப்பந்தத்தை ஏற்பதா என்று அல்போன்சின் மக்களையே கேட்டார். சட்டப்படி கட்டாயம் இல்லாத வாக்கெடுப்பு அது. அதற்கு முன்பு வெளியுறவு அமைச்சர் தாந்தே கபூத்தோவும், எதிர்ப்பாளரான பெரோனியக் கட்சிச் செனட்டர் விசென்தே சாதியும் தொலைக்காட்சியில் நேருக்கு நேர் வாதிட்டார்கள். ஆறு ஆண்டுக்கு முன் எவரையும் கேட்காமல் போருக்குக் கப்பல் அனுப்பிய நாட்டில், எத்தனை கடல் மைல் யாருக்கு என்பதை வீட்டிலிருந்த மக்கள் அமர்ந்து கேட்டார்கள். நவம்பர் 25 அன்று வாக்களித்தோரில் ஏறத்தாழ 82 விழுக்காட்டினர் ஏற்போம் என்றனர். நான்கு நாள் கழித்து வத்திக்கானில் ஒப்பந்தம் கையொப்பமானது. இத்தனைக்குப் பிறகும் அர்ஜென்டின செனட்டில் அது 23-க்கு 22 என்ற கணக்கில்தான் தப்பியது. மலைக்கு மறுபக்கம் பினோசே எவரையும் கேட்கவில்லை. சிலி மக்களின் சார்பில் தளபதிகளே ஒப்புதல் கொடுத்துக்கொண்டனர். அதையும் இந்த அமைதியின் வரலாற்றில் எழுதித்தான் ஆக வேண்டும்.

அந்திஸ் மலையில், இரு நாட்டு எல்லைக் கணவாயில், ஏறத்தாழ 3,800 மீட்டர் உயரத்தில் 1904-இல் நிறுவப்பட்ட கிறிஸ்து சிலை ஒன்று நிற்கிறது. அதற்கு முந்தைய எல்லைப் பூசல் போரின்றித் தீர்ந்ததற்கு நன்றியாக நிறுவியது. 1978-இல் அந்தச் சிலைக்கு இருபுறமும் படைகள் குவிந்தன. எல்லையில் சிலி புதைத்த கண்ணிவெடிகளைக் கடைசிவரை அகற்றி முடிக்க 2020 ஆயிற்று.

நடுவாசல் எழுதியது:

தென்கடல் கேட்ட கடைசிக் கேள்வியை ஒட்டி ஒன்று சேர்க்கிறேன். 1984 ஒப்பந்தத்தின் பெரும்பகுதி தீவுகளைப் பற்றியது அல்ல. இனி எழும் எந்தப் பூசலும் முதலில் நேரடிப் பேச்சு, அடுத்து இணக்க ஆணையம், அதற்கும் மேல் நடுவர் மன்றம் என்று எந்த வரிசையில் போக வேண்டும் என்பதைப் பற்றியது. 1990-களில் பதகோனியாவின் லகூனா தெல் தெசியேர்த்தோ என்ற ஏரிப் பகுதி யாருக்கு என்ற வழக்கு எழுந்தபோது, இரு நாடுகளும் லத்தீன் அமெரிக்க நீதிபதிகள் ஐவரிடம் அதை ஒப்படைத்தன. 1994 அக்டோபரில் தீர்ப்பு அர்ஜென்டினாவுக்குச் சாதகமாக வந்தது. சிலியில் பெரும் மனத்தாங்கல் எழுந்தது. மறு ஆய்வு கோரியது. 1995-இல் அதுவும் தள்ளுபடியானது. சிலி தீர்ப்பை ஏற்று நிலத்தை விட்டுக் கொடுத்தது. அந்த முறை ரோமிலிருந்து எவரும் விமானம் ஏற வேண்டியிருக்கவில்லை.